ஆல்பத்தில் இல்லாதவர்கள்

அருப்புக்கோட்டையில், தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டுக்குத்தான். பிழைப்பு ஓடுவது பாரம் நிரப்புவதில். முதியோர் பென்ஷன், பயிர் இன்சூரன்ஸ், பட்டா மாறுதல், காலேஜ் அட்மிஷன் என்று இந்த வட்டாரத்தில் என் கைக்கு வராத பாரம் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தப் பாரத்திலும் கடைசியில் ஆம், இல்லை என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள் வரும். வழக்கு உண்டா, தொற்று நோய் உண்டா, ஜெயிலுக்குப் போனவரா. எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமலே வரிசையாக 'இல்லை'யைத் தட்டிவிடுவோம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய் நீங்கள் ஜெயிலுக்குப் போனதுண்டா என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கும் அப்படித்தான் தட்டினேன்.

அது அமெரிக்கப் பாரம். என் தங்கச்சி கல்யாணமாகி அமெரிக்கா போய்ப் பதினெட்டு வருடமாகிறது. அந்த நாட்டுக் குடியுரிமை கைக்கு வந்த மறுவாரமே அப்பாவை அங்கேயே வைத்துக்கொள்வதற்கு மனுப் போட்டுவிட்டாள். அம்மா இருந்தவரை அவளுடைய சீக்கு, ஆஸ்பத்திரி என்று அப்பாவால் நகர முடியவில்லை. அம்மா போனபிறகு தங்கச்சி விடவில்லை. நான் கொஞ்சம் முகம் சுளித்தேன். அப்பா இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு என்னவோ போலிருந்தது. போனில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, நீ தெனமும் பாக்குற. எனக்கு அப்பாவுல பங்கு கெடையாதா?"

பாரத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கும் ஆசைதான். வீடியோ காலில் போனைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்ட மனிதர், அதனால் போனைப் பிறகு காதுக்குக் கொண்டு போவார். அங்கே இருக்கும் எட்டு வயதுப் பேத்திக்குத் தாத்தா என்றால் பாதி நெற்றியும் ஒரு காதும்தான். முழுத் தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை.

பாரம் முழுவதையும் நான் நிரப்பி முடித்த மத்தியானம் அப்பா கடைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் தமிழ்ல வாசி," என்றார்.

"அதெல்லாம் சரியாத்தேன் இருக்கும்ப்பா."

"கையெழுத்து என்னுதுல்ல. வாசி."

வாசித்தேன். போதை மருந்து கடத்தினீர்களா என்ற இடத்தில் சிரித்தார். ஆள் கடத்தினீர்களா என்ற இடத்தில், "நம்மளையே யாராச்சும் கடத்திட்டுப் போனாத்தேன் உண்டு," என்றார். அடுத்த கேள்வியை நானே அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். நீங்கள் கம்யூனிஸ்ட் கட்சியிலோ வேறு சர்வாதிகாரக் கட்சியிலோ உறுப்பினரா, அல்லது தொடர்பு உள்ளவரா?

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "அமெரிக்கா கவர்மெண்டா கேக்குது, என்னையவா?" என்றார். "நம்மூர்ல இந்தக் கேள்விய ஒருத்தன் என்னையக் கேட்டு எம்புட்டு வருசமாச்சு."

"இல்லன்னு போட்டுருக்கேன்ப்பா. அப்படித்தேன் போடணும்."

"அழி."

"அப்பா, அது தங்கச்சி..."

"அழிச்சிட்டு அப்புறம் பேசு."

எழுந்து போய்விட்டார். அப்பா எம்.ரெட்டியபட்டியில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, பருத்தி எடுத்து வளர்ந்து, டவுனுக்கு வந்து நாற்பது வருடம் விசைத்தறியில் நின்றவர். சங்கத்துக்காரர், கட்சிக்காரர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, "கூட்டத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பும் நேரம். மழை பெய்தாலும் போவார். இந்த ஊரில் மழை பெய்வதே அதிசயம் என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவரைக் கம்யூனிஸ்ட் இல்லை என்று எழுதச் சொல்வது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் 'ஆமாம்' என்று போட்டால் பாரம் திரும்பி வந்துவிடும். தங்கச்சியின் பங்கு போய்விடும்.

தங்கச்சியிடம் சொன்னேன். வக்கீல் யாரையாவது கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

கம்யூனிஸ்ட் என்ற அந்தச் சொல்லோடு அவள் அங்கே பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. தேர்தல் வந்தால் வீட்டு முன் புல்வெளியில் சின்னச் சின்னப் போர்டு நட்டு வைப்பார்களாம். ஒருவருக்கு ஒருவர் ஆகவில்லை என்றால் கம்யூனிஸ்ட் என்று திட்டிக்கொள்வார்களாம். "தர்மாஸ்பத்திரி வேணும்னு கேட்டாலே இங்க கம்யூனிஸ்டுங்கிறாக அண்ணே," என்றாள் ஒரு தடவை. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்மூர்ல டவுன் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற அம்புட்டுப் பேரும் கட்சிக்காரகதேன்," என்றார். அவளுடைய ஆபீஸில் ஒரு பையன் தாடி வைத்த புரட்சிக்காரர் படம் போட்ட பனியனில் வருவானாம், அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அங்கே பனியனில் போட்டால் தப்பில்லை, பாரத்தில் போட்டால்தான் தப்பு.

அவள் எதிர் வீட்டில் ஒரு அமெரிக்கப் பெரியவர் தனியாக இருக்கிறார். தங்கமான மனிதர். பனி விழுந்தால் இவள் வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார். அவருடைய அண்ணன் வியட்நாம் சண்டையில் செத்துப்போனவர். ஒருநாள் இவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அந்தப் பேச்சு வந்து, "கம்யூனிஸ்டுகள் என் அண்ணனைக் கொண்டு போய்விட்டார்கள்" என்று சொல்லியிருக்கிறார். ஹால் சுவரில் அப்பா மைக் முன்னால் சிவப்புத் துண்டோடு நிற்கிற படம் அவருக்கு நேர் எதிரே தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லையாம். அவர் போன பிறகு தங்கச்சி அந்தப் படத்தைக் கழற்றிப் படுக்கையறையில் மாட்டிவிட்டாள். அதைச் சொல்லி அவள் அழுதபோது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பெரியவர் மேலும் கோபப்பட முடியாது. அவருக்கும் ஒரு உயிர் போயிருக்கிறது.

அவள் அங்கே ஒரு வக்கீலைக் கேட்டாள். இப்போதும் உறுப்பினராக இருந்தால் சிக்கல், விலகிச் சில வருடம் ஆகிவிட்டது என்று கட்சியே எழுதிக் கொடுத்தால் வழி இருக்கிறது என்றார் வக்கீல். "அப்பாவை விலகச் சொல்லு அண்ணே" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் கட்சி ஆபீஸுக்குப் போய், விலகுவதற்கு என்ன முறை, எத்தனை நாள் ஆகும் என்று விசாரிக்கலாம் என்று கிளம்பினேன்.

ஆபீஸ், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நூல் கடையின் மாடியில் இருக்கிறது. கிளைச் செயலாளர் அப்பா வயதுக்காரர், அப்பாவோடு ஒரே தறிக் கொட்டகையில் நின்றவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெலகுறதா? தம்பி, ஒங்கப்பா மெம்பராவே இல்லையே. பதினேழு வருசமாச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். கட்சியில் உறுப்பினர் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அப்பா புதுப்பிக்க வரவில்லை. "நாங்க யாரும் வெலக்கல. ரெண்டு வருசம் அவரு பாரத்த எடுத்து வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தோம். வரவே இல்ல."

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்குத்தேன போறாரு?"

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். என்னையும் கூப்பிட்டுக் கீழே காட்டினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், திருச்சுழி பஸ்ஸு நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு.

"அதுலதேன் இருப்பாரு. கூட்டம் முடியுற வரைக்கும். நானும் ரெண்டு தடவை எறங்கிப் போயிக் கூப்பிட்டுப் பாத்தேன். பஸ்ஸுக்கு நிக்கிறேன்னாரு. மூணாந்தடவை கூப்பிட எனக்கு மனசு வரல. வந்து இருக்காருல்ல, இருக்கட்டும்னு விட்டுட்டோம். அவருக்குக் காதுல விழட்டும்னு இந்த ஜன்னல மட்டும் சாத்துறதில்ல."

படி இறங்கி வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினேழு வருட ஞாயிற்றுக்கிழமைகள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்து, சட்டைக்குப் பித்தான் தைத்து அனுப்பியதெல்லாம் இந்தப் பெஞ்சுக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஏன் என்று செயலாளர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. தங்கச்சி கல்யாணம் எனக்கு மறக்கவில்லை.

எங்கள் பக்கம் தோழர் வீட்டுக் கல்யாணம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. மண்டப வாசலில் கொடி கட்டுவார்கள். தோழர்கள் வரிசையாக மேடை ஏறி வாழ்த்திப் பேசுவார்கள், பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சிவப்புத் துண்டு போர்த்திப் புத்தகம் கொடுப்பார்கள். அப்பா எத்தனையோ கல்யாணத்தில் பேசியிருக்கிறார். அவர் மைக்கைப் பிடித்தால் பந்தியில் சோறு ஆறிப்போகும் என்று சமையல்காரர்களே கேலி செய்வார்கள். தங்கச்சிக்கு வாய்த்த மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு பெரியப்பா இருந்தார். மூன்று மாதம் அமெரிக்கா போய்விட்டு வந்து, அந்த நாட்டையே கரைத்துக் குடித்தது போலப் பேசுவார். பூ வைக்க வந்த அன்றைக்கு அவர் சொன்னார்:

"விசாவுக்குக் கல்யாண ஆல்பத்தக் கேப்பாங்க. ஒவ்வொரு மூஞ்சியா உத்துப் பாப்பாங்க. ஒரு செவப்புத் துண்டு தெரிஞ்சாலும் பொண்ணு இங்கேயேதான் கிடக்கணும். அந்த ஊர்ல அந்தப் பேர சொன்னாலே ஆகாதுங்க சம்பந்தி."

எங்களில் யாருக்கு என்ன தெரியும். பாரம் நிரப்புகிற நானே வாயைத் திறக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே ஆபீஸுக்குப் போய், கல்யாணத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடி ஒருவரும் வரவில்லை. வாசலில் வாழைமரம் மட்டும் நின்றது. ஆல்பம் படு சுத்தமாக வந்தது.

அந்த ஆல்பத்தை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி, நானும் தங்கச்சியும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பத்துக் கிலோ இருக்கும். விசா ஆபீஸ் உள்ளே போய் வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஆல்பத்தைத் தொறந்துகூடப் பாக்கல அண்ணே." வீட்டுக்கு வந்து அதையே அப்பாவிடமும் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அப்பா சிரித்தாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

செயலாளர் லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். அவர் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசித்துவிட்டு, "வருசம் சரியாத்தேன் போட்டுருக்காக," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுக யாரும் ஒண்ணும் சொல்லலையேப்பா. போயிப் புதுப்பிச்சிருக்கலாம்ல? எதுக்கு இம்புட்டு வருசம் பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்தீக?"

"எம் மக கல்யாணத்துக்கு வராதீகன்னு அவுகளச் சொல்லிட்டேன். அப்புறம் எந்த வாயால தோழர்னு கூப்பிட?" ஃபேன் இறக்கையைத் துணியால் துடைத்தபடியே சொன்னார். "அதுக்குன்னு வீட்டுலயும் இருக்க முடியலடா."

"ஜன்னலத் தொறந்து வைக்கிறாகளாம், ஒங்களுக்குக் கேக்கட்டும்னு."

அப்பாவின் கை நின்றது. அது அவருக்குத் தெரியாது. "எனக்கு ஒண்ணும் கேக்காது," என்றார். "லைட்டு தெரியும். லைட்டு அணைஞ்சா கூட்டம் முடிஞ்சதுன்னு எந்திரிச்சு வந்துருவேன்."

தங்கச்சியிடம் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நான் சொல்லவில்லை. கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன், அவ்வளவுதான். அவள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், கடிதத்தில் இருந்த வருடம் தன் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் என்று பிடித்துவிட்டாள். அரைமணி நேரத்தில் போன் வந்தது. அப்பாவிடம் கொடு என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ போயிருக்க மாட்ட தாயி."

அதற்கப்புறம் போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

முன்பு இருந்ததையும் மறைக்கக் கூடாது என்று வக்கீல் சொன்னதால், பாரத்தில் 'ஆமாம்' என்றே போட்டோம். இருந்தார், விலகினார் என்று விவரம் எழுதி, கடிதத்தையும் இணைத்தோம். என் தொழிலில் அந்த வரிசையில் நான் தட்டிய முதல் 'ஆமாம்' அதுதான். பல மாதம் கழித்து மும்பைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வழியெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், இது மேடை இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தங்கச்சி அங்கே ராத்திரி தூங்காமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

என்னை உள்ளே விடவில்லை. ரோட்டோரம் நின்றேன். மூன்று மணி நேரம் கழித்து அப்பா வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்தக் கேள்விய கேட்டாகளா?"

"கேட்டாக. சின்ன வயசுக்காரருதேன். பக்கத்துல ஒரு தமிழ்க்காரம்மா மாத்திச் சொல்லுச்சு. இருந்தேன்னேன். அந்தக் கட்சி ஒங்களுக்கு என்னா செஞ்சதுன்னாரு. தறிக்காரனுக்கு வாரத்துல ஒருநா லீவு வாங்கிக் குடுத்துச்சுன்னேன்."

"சுருக்கமாச் சொல்லச் சொன்னேன்ல."

"சுருக்கமாத்தேன் சொன்னேன். ஏன் வெலகுனீகன்னாரு. மகளக் கட்டிக் குடுத்தேன்னேன். அந்தம்மாவுக்கே வெளங்கல. அப்புறம் முழுசாச் சொன்னேன். ஆல்பத்துல நீங்க பாப்பீகன்னு பயந்து, கூட நின்ன ஆளுகள வராதீகன்னு சொன்னேன், அந்த வெக்கத்துல போகல, கட்சி மேல தப்பில்ல, தப்பு என்னுதுன்னேன். அந்தம்மா சொல்லி முடிச்ச பெறகு அவரு எழுதுறத நிப்பாட்டிட்டு என்னையவே பாத்தாரு. இது ஒங்க மகளுக்குத் தெரியுமான்னு கேட்டாரு. இப்பத்தேன் தெரியும்னேன்."

"அப்புறம்?"

"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாரு. அனுப்பி வைப்பாகளாம்."

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "பாஸ்போர்ட்ட வாங்கிட்டாகன்னா விசா கெடச்ச மாதிரிதேன் அண்ணே," என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டை மாற்றியபோது நானும் கூடவே போனேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். மாடியில் டியூப் லைட்டு எரிந்தது, ஜன்னல் திறந்திருந்தது. ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று நான் விடாமல் நச்சரித்தேன். எழுந்தார். ரோட்டைத் தாண்டினார். முதல் படியில் கால் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்துவிட்டார்.

"கூட்டம் நடக்கு. நடுவுல போகக் கூடாது," என்றார்.

லைட்டு அணைந்ததும் செயலாளரே இறங்கி, ரோட்டைத் தாண்டி வந்தார். அப்பா எழுந்து நின்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "போயிட்டு வாங்க தோழர்," என்றார் அவர். அப்பாவால் 'வாரேன்' என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அப்பா அமெரிக்கா போய் எட்டு மாதமாகிறது. பேத்தி முழுத் தாத்தாவைப் பார்த்துவிட்டாள். சிவப்புத் துண்டுப் படம் ஹாலுக்குத் திரும்பி வந்துவிட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் தினமும் சாயங்காலம் வாசலில் பறக்கிற தன் நாட்டுக் கொடியை இறக்கி, தரையில் படாமல் மடிப்பாராம். ஒருநாள் காற்று அடித்ததும் அப்பா ஓடிப் போய் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். இப்போது தினமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் மடிக்கிறார்கள். அந்தப் பெரியவர் கார் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அங்கே சங்கத்தில் இருந்தவர் என்று தங்கச்சி மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா, "அப்ப நம்மாளுதேன்," என்றாராம். "அத மட்டும் அவருகிட்ட சொல்லிறாதீகப்பா" என்று தங்கச்சி கெஞ்சியிருக்கிறாள். படத்தைப் பார்த்து அவர் ஒருநாள் கேட்கத்தான் போகிறார். அப்பாவும் 'இருந்தேன்' என்றுதான் சொல்லப் போகிறார். அன்றைக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம் இன்னும் போகவில்லை.

எனக்கு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தாங்க முடிவதில்லை. 'வாரேன்' என்று சொல்ல ஆள் இல்லை. முதல் இரண்டு வாரம் டிவி பார்த்துப் பொழுதைக் கழித்தேன். மூன்றாம் வாரம் போன் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது.

"எங்கன இருக்க?"

"வீட்டுலப்பா."

"சும்மாதேன இருக்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, மாடியில லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்லு."

அன்றைக்குப் போனேன். அதிலிருந்து ஒரு வாரமும் தவறவில்லை. திருச்சுழி பஸ்ஸு வந்து போகும், கண்டக்டர் ஏறுகிறீர்களா என்று கேட்பார், இல்லை என்று தலையாட்டுவேன். சரியாக ஆறரைக்குப் போன் அடிக்கும்.

"எரியுதா?"

"எரியுதுப்பா."

"அப்ப இரு. அணைஞ்சதும் வீட்டுக்குப் போ," என்பார். போனை வைக்க மாட்டார்.